கூடிச் சேர்த்த காசுகள்



புதுக்கோட்டை மாவட்டத்துப் பழைய இல்லங்களில், பாட்டியின் சுருக்குப்பையிலோ பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டியின் அடித்தட்டிலோ, விரல் நுனியில் அடங்கிவிடும் சிறு செப்புக் காசு ஒன்று இன்றும் அகப்படுவதுண்டு. அதன் ஒரு புறம் அமர்ந்த கோலத்தில் அம்மன். மறு புறம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்னும் சொல். திருக்கோகர்ணத்தில் கோயில் கொண்டுள்ள பிரகதாம்பாளின் உருவம் அது. தொண்டைமான் மன்னர்கள் வெளியிட்ட அக்காசை மக்கள் 'அம்மன் காசு' என்றே அழைத்தனர். இருபது அம்மன் காசுகள் கூடினால் ஓர் அணா. நவராத்திரி நாள்களில் அரண்மனையில் அரிசியோடு இக்காசையும் சேர்த்து வழங்கும் வழக்கம் இருந்தது. ஆங்கிலேயரின் நாணயமே எங்கும் செலாவணியாக இருந்த காலத்திலும், இச்சிறு சமஸ்தானம் தன் பெயருக்கென இந்தச் செப்புக் காசை விடாது வைத்திருந்தது. 1948-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் புதுக்கோட்டை இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. அம்மன் காசின் காலமும் அதனோடு முடிவுற்றது.

அத்தகைய காசு ஒன்று உங்கள் வீட்டில் இருக்குமாயின் அதை எடுத்துச் சற்று உற்று நோக்குங்கள். பிற்காலத்தில் இயந்திரத்தில் அச்சிடப்பட்டதாயின் வட்டம் செவ்வையாக இருக்கும். உருவமும் எழுத்தும் முழுமையாகத் தெரியும். முற்காலத்தில் கையால் அடித்த காசாயின் அவ்வாறு இராது. அம்மனின் தலை தெரிந்தால் கால் தெரியாது; 'வி' இருந்தால் 'ய' இராது. தேய்மானம் மட்டுமே இதற்குக் காரணம் அன்று. காசு அடிப்பவர் செப்புத் துண்டைக் கீழ் அச்சின்மேல் வைத்து, மேல் அச்சை அதன்மேல் நிறுத்திச் சம்மட்டியால் அடிப்பார். அச்சு பெரிதாகவும் செப்புத் துண்டு சிறிதாகவும் இருந்தால் உருவத்தில் ஒரு பகுதியே துண்டின்மேல் பதியும். எஞ்சியது வெளியே போய்விடும். அடுத்த காசில் மற்றொரு பகுதி பதியும்.

ஆகவே, ஒரே அச்சில் பிறந்த காசுகளே ஆயினும் ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இல்லை. ஒருவர் வீட்டுக் காசை மட்டும் வைத்துக்கொண்டு அந்த அச்சின் முழு உருவத்தையும் காண இயலாது. பத்து வீட்டுக் காசுகளை ஒரு வெள்ளைத் துணியின்மேல் வரிசையாகப் பரப்பினால், தலையும் கையும் காலும் எழுத்தும் ஒன்றையொன்று நிரப்பி முழு உருவம் கண்முன் எழும். தமிழகத்து வயல்களில் கிடைக்கும் இராசராசன் பெயர் பொறித்த செப்புக் காசுகளுக்கும் இது பொருந்தும். சங்ககாலத்துச் சதுரக் காசுகளுக்கும் பொருந்தும். சங்ககாலத் தமிழ் வேந்தர் காசு வெளியிட்டனரா என்பதையே அறிஞர் பலர் ஐயுற்றிருந்த காலம் ஒன்று உண்டு. நாணயவியல் அறிஞரும் 'தினமலர்' ஆசிரியராக இருந்தவருமான இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள், மதுரையில் கிடைத்த சதுரச் செப்புக் காசு ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்னும் பாண்டியன் பெயரைப் படித்து வெளியிட்ட பின்னரே அவ்வையம் அகன்றது. பழைய செம்பு என்று எடைக்கு விற்கப்பட்டு உருக்குமூசைக்குள் போன காசுகள் எத்தனையோ! அவற்றில் எத்தனை வேந்தர் பெயர்கள் கரைந்தனவோ!

காசு சேர்ப்பதை நம்மில் பலர் தனியொருவர் விளையாட்டு என்றும், சிலர் பேராசையின் மறுபெயர் என்றும் கருதுகின்றனர். அதனைப் பலர் கூடிச் செய்தால் எவ்வளவு நயமுடையதாகும் என்பதையே இம்மாதம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

வகைக்கு ஒன்று

நாணயம் சேர்ப்போர் இரு வழிகளில் சேர்ப்பர். முதல் வழி, ஒரே நாணயத்தை ஆண்டு வாரியாகவும் நாணயச்சாலை வாரியாகவும் ஒன்று விடாமல் தேடுவது. இதற்குக் காலமும் பொருளும் மிகுதியாக வேண்டும். இறுதியில் ஏதேனும் ஓர் ஆண்டின் அரிய காசு கிடைக்காமல் தொகுதி நொண்டியாகவே நிற்கும். இரண்டாம் வழி, ஒவ்வொரு வகைக்கும் ஒரே ஒரு நாணயம் என்று சேர்ப்பது. உருவம் மாறினால், உலோகம் மாறினால், மதிப்பு மாறினால் அது புதிய வகை. ஆண்டு மட்டும் மாறினால் அதே வகைதான். மேலைநாட்டார் இதனை 'டைப் செட்' என்பர். நாம் 'வகைத் தொகுதி' என்போம்.

அமெரிக்கர்களிடையே இம்முறை பெரிதும் விரும்பப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாட்டு நாணயங்கள் அழகில் தலைசிறந்து விளங்கின. 1909-இல் ஆபிரகாம் லிங்கனின் தலையும், பின்புறம் இரு கோதுமைக் கதிர்களும் தாங்கிய செப்புச் சென்ட் வந்தது. 1913-இல் ஒரு புறம் அம்மண்ணின் பூர்வகுடி மனிதர் ஒருவரின் முகமும் மறு புறம் காட்டெருமையும் கொண்ட ஐந்து சென்ட் வந்தது. 1916-இல் சிறகு வைத்த குல்லாய் அணிந்த விடுதலை மங்கையின் தலையோடு பத்துச் சென்ட்டும், அவள் நிற்கும் கோலத்தில் கால் டாலரும், கதிரவன் எழும் திசை நோக்கி நடக்கும் கோலத்தில் அரை டாலரும் வெளிவந்தன. இவற்றுக்கு முன்னரே, 1878 முதல் 1904 வரையிலும் மீண்டும் 1921-இலும் அச்சிடப்பட்ட 'மார்கன்' வெள்ளி டாலர் இருந்தது. அதைச் செதுக்கிய ஜார்ஜ் மார்கன் என்பவரின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று.

மார்கன் டாலரை மட்டும் ஆண்டுக்கும் நாணயச்சாலைக்கும் ஒன்றாகச் சேர்க்கப் புகுந்தால் ஏறத்தாழ நூறு நாணயங்கள் வேண்டும். அவற்றுள் சில பெரும் பணக்காரருக்கே எட்டும். வகைக்கு ஒன்று என்றாலோ, மேற்கூறிய ஆறு நாணயங்களில் ஒரு காலத்தின் கலை முழுவதும் அடங்கிவிடும். அந்த ஆறும் ஒருவரிடமே இருக்கவேண்டும் என்பதும் இல்லை. ஒருவரிடம் அரை டாலர் இரண்டு இருக்கும். பத்துச் சென்ட் இராது. மற்றவரிடம் பத்துச் சென்ட் நான்கு இருக்கும், டாலர் இராது. மிகுதியாக உள்ளதை முன்வைத்து, ஆளுக்கு ஒன்றாக ஒரே பேழையில் இட்டால், தனியே எவராலும் நிரப்ப இயலாத பேழை எல்லாராலும் நிரம்பிவிடும். ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தானே!

டாலர் ரூபாயான கதை

அமெரிக்க வெள்ளிக்கும் நம் ஊருக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். தொடர்பு உண்டு, அதுவும் சிறிய தொடர்பன்று.

முதல் உலகப் போரின்போது இந்தியாவில் வெள்ளித் தட்டுப்பாடு கடுமையாயிற்று. போருக்கு வேண்டிய பொருள்களை ஆங்கில அரசு இங்கே வாங்கிக் குவித்தது; அதற்குரிய விலையைக் காகித நோட்டுகளாகத் தந்தது. நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்கும் உரிமை மக்களுக்கு இருந்தது. நோட்டை நம்பாத மக்கள் வெள்ளியைக் கேட்டு நெருக்கினர். வாங்கிய வெள்ளியை வீட்டில் பூட்டி வைத்தனர். வெள்ளியை மிச்சப்படுத்த 1917-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒரு ரூபாய் நோட்டு முதன்முதலாக வெளியிடப்பட்டது. அதுவும் போதவில்லை. கருவூலம் வெறுமையாகும் நிலை வந்தபோது ஆங்கில அரசு அமெரிக்காவின் உதவியை நாடியது.

1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் அமெரிக்காவில் 'பிட்மன் சட்டம்' நிறைவேறிற்று. அந்நாட்டுக் கருவூலத்தில் உறங்கிக்கிடந்த வெள்ளி டாலர்களை உருக்கி விற்க அச்சட்டம் வழி செய்தது. 27 கோடிக்கும் மேற்பட்ட டாலர்கள் உருக்கப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 25 கோடியே 90 இலட்சம் டாலர்களின் வெள்ளி, இந்தியாவின் தேவைக்கென ஆங்கில அரசுக்கு விற்கப்பட்டது. கட்டிகளாகக் கப்பலேறி வந்த அவ்வெள்ளி நம் நாட்டு நாணயச்சாலைகளில் ஐந்தாம் ஜார்ஜின் தலை தாங்கிய ரூபாயாக மாறியது.

இதில் வியப்பான கணக்கு ஒன்று உண்டு. அக்கால அமெரிக்க டாலரில் இருந்த தூய வெள்ளி 371.25 குன்றிமணி என்று சொல்லிவிட இயலாது. அவர்களும் நம் நாணயச்சாலையாரும் கையாண்ட அளவை 'கிரெய்ன்' என்பது. டாலரில் 371.25 கிரெய்ன் தூய வெள்ளி. நம் ரூபாயில் 165 கிரெய்ன். வகுத்துப் பாருங்கள்: ஒரு டாலரின் வெள்ளி சரியாக இரண்டேகால் ரூபாய்க்குப் போதும். நான்கு டாலர் உருகினால் ஒன்பது ரூபாய். 1918, 1919, 1920 என்று ஆண்டு பொறித்த வெள்ளி ரூபாய் உங்கள் பெட்டியில் இருப்பின், அதனுள் அமெரிக்க விடுதலை மங்கையின் முகம் கரைந்து கிடக்கக்கூடும்.

உருக்கியவர்கள் எந்த ஆண்டு டாலர் எத்தனை உருகின என்ற கணக்கை வைக்கவில்லை. அதனால், எத்தனை நாணயம் அடிக்கப்பட்டது என்று ஏட்டில் இருந்தும், எத்தனை எஞ்சியது என்பதை இன்றும் எவரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. உருக்கிய வெள்ளிக்கு ஈடாக மீண்டும் டாலர் அடிக்க வேண்டும் என்று அச்சட்டமே விதித்திருந்தது. 1921-இல் மார்கன் டாலர் மறுபடி தோன்றியதற்கும், அவ்வாண்டின் இறுதியில் 'அமைதி டாலர்' என்னும் புதிய வகை பிறந்ததற்கும் அதுவே காரணம். நம் மக்கள் வெள்ளியைப் பூட்டி வைத்தது அமெரிக்காவில் ஒரு புதிய நாணய வகைக்கே வித்தாயிற்று எனலாம். ஒரு காசை மட்டும் பார்ப்பவருக்கு இது புலப்படாது. அமெரிக்க டாலரையும் நம் ரூபாயையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கே இக்கதை விளங்கும்.

கறுக்காக்குறிச்சிப் பொன்

சேர்ந்திருக்கும் காசுக்கே வரலாறு உண்டு என்பதற்கு நம் மாவட்டத்திலேயே உலகறிந்த சான்று ஒன்று உள்ளது. ஆலங்குடிப் பகுதியைச் சேர்ந்த கறுக்காக்குறிச்சியில் 1898-ஆம் ஆண்டு உரோமைப் பேரரசின் பொற்காசுகள் 501 புதையலாகக் கிடைத்தன. அகுஸ்து, திபேரியு, கிளவுதியு, நீரோ ஆகிய பேரரசர்களின் காசுகள் அவற்றுள் இருந்தன. காலத்தால் பிந்தியவை வெசுபாசியனுடையவை. மிகப் பல காசுகளில் பேரரசரின் தலைமேல் உளியால் வெட்டிய தழும்பு காணப்பட்டது. இனி இது நாணயமாகச் செல்லாது, பொன்னாகவே மதிக்கப்படும் என்பதற்கு அடையாளமாக அவ்வாறு வெட்டினர் போலும் என்பது அறிஞர் கூறும் விளக்கங்களுள் ஒன்று.

திபேரியு என்ற பெயர் விவிலியம் வாசிப்போருக்குப் புதிதன்று. வரி கொடுப்பது முறையா என்று ஆண்டவரிடம் வினவியவர்கள் காட்டிய காசில் இருந்தது சீசரின் உருவம். அந்நாளில் ஆண்ட சீசர் அவரே. பாலஸ்தீனத்தில் அம்முகத்தைத் தாங்கிய வெள்ளிக் காசு கைமாறிக்கொண்டிருந்த தலைமுறையில், அதே முகம் தாங்கிய பொற்காசுகளும் அச்சிடப்பட்டன. அவற்றுள் சில கடல் கடந்து நம் ஆலங்குடி மண்ணுக்கு வந்து சேர்ந்தன. மிளகும் முத்தும் மெல்லிய துகிலும் மேற்கே சென்றன. பொன்னும் வெள்ளியும் இங்கே வந்தன.

அப்பொன்னைப் புதைத்தவர் யார் என்பதை நாம் அறியோம். மீண்டும் தோண்டி எடுக்கும் எண்ணத்தோடுதான் அவர் புதைத்திருப்பார். ஆனால் அவர் திரும்பி வரவில்லை. அவருக்கு அப்பொன் ஒரு பிடி அரிசியும் வாங்கித் தரவில்லை. ஏறத்தாழ ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகள் கழித்து அது வெளிப்பட்டபோது, நல்வினைப் பயனாக, முழுத் தொகையும் எண்ணப்பட்டு, வகை பிரிக்கப்பட்டு, இலண்டன் நாணயவியல் இதழில் அதே ஆண்டில் ஜார்ஜ் ஹில் என்பவரால் பதிவு செய்யப்பட்டது. அதனால்தான் இன்றும் நாம் அதைப்பற்றிப் பேச முடிகிறது. கடைசிக் காசு வெசுபாசியனுடையது என்பதால், கி.பி. 69-க்குப் பின்னரே அது புதைக்கப்பட்டது என்று துணிய முடிகிறது. கண்டெடுத்தவர்கள் ஆளுக்குப் பத்தாகப் பிரித்துக்கொண்டு பொற்கொல்லரிடம் தந்திருந்தால், நான்கு தாலிகளும் சில மோதிரங்களும் மிஞ்சியிருக்கும், வரலாறு மிஞ்சியிராது. அப்புதையலின் காசுகள் பல இன்று இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. நம் மண்ணின் பொன்னைக் காண நாம் கடல் கடக்க வேண்டியிருப்பது வருத்தமே. எனினும் அது உருகாமல் இருக்கிறது என்பது ஆறுதல்.

உள்ளூரில் காண விரும்புவோர் திருக்கோகர்ணத்தில் உள்ள புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்திற்குச் செல்லலாம். 1910-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்நிலையத்தில் நாணயங்களுக்கும் இடம் உண்டு. விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுவது பெற்றோர்க்கு நல்ல பணி.

நாம் தொடங்கத்தக்க மூன்று தொகுதிகள்

நாணயம் சேர்க்கச் செல்வம் வேண்டும் என்பது தவறான எண்ணம். பங்கு இளைஞர்களோ, ஒரு தெருவின் நாலைந்து குடும்பத்தாரோ கூடினால் பின்வரும் மூன்றில் ஒன்றைத் தொடங்கலாம்.

முதலாவது, அணா வரிசை. குடியரசு பிறந்த 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று மன்னர் தலைக்கு மாற்றாக அசோகரின் சிங்கத் தூண் பொறித்த நாணயங்கள் வெளிவந்தன. ஒரு ரூபாய், அரை ரூபாய், கால் ரூபாய் ஆகியவற்றில் கோதுமைக் கதிர்கள், இரண்டணா, ஓரணா, அரையணா ஆகியவற்றில் காளை, காலணாவில் குதிரை. மொத்தம் ஏழே காசுகள். ஏழு குடும்பத்தார் ஆளுக்கு ஒன்று தந்தால் நிறைவுறும்.

இரண்டாவது, பைசா வரிசை. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு காசு என்ற முறை நடைமுறைக்கு வந்தது. 1964 ஜூன் வரை 'நயா பைசா' என்றே பெயர். அறுகோண வடிவான மூன்று காசும், தாமரை பூத்த பித்தளை நிற இருபது காசும் இன்றைய பிள்ளைகள் கண்டிராதவை. 25 காசும் அதற்குக் குறைந்தவையும் 2011 ஜூன் 30-ஆம் நாளோடு செல்லாதவையாயின. 'செல்லாக்காசு' என்று நாம் ஏசுகிறோமே, அந்தச் செல்லாக்காசுக்குத்தான் தொகுதியில் சிறப்பிடம்.

மூன்றாவது, வெள்ளி ரூபாய் வரிசை. 1835-இல் வில்லியம் மன்னர், 1840 முதல் விக்டோரியா அரசி, 1877 முதல் அதே விக்டோரியா பேரரசி, 1903 முதல் எட்வர்டு, 1911 முதல் ஐந்தாம் ஜார்ஜ், 1938 முதல் ஆறாம் ஜார்ஜ். 1940-இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947-இல் புலி பொறித்த நிக்கல் ரூபாயோடு அவ்வரிசை முடிகிறது. இதில் சுவையான செய்தி ஒன்று: 1911-ஆம் ஆண்டு ரூபாயில் மன்னரின் அங்கியில் இருந்த யானை, பன்றியைப் போல் தோன்றுகிறது என்று மக்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. அரசு அஞ்சி, மறு ஆண்டே யானையின் உருவைத் திருத்தி வெளியிட்டது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பிள்ளைகள் அந்த யானையைத் தேடட்டும்!

இவற்றோடு அம்மன் காசில் கையால் அடித்தது ஒன்றும், இயந்திரத்தில் அச்சிட்டது ஒன்றும், நடுவில் துளையிட்ட 'ஓட்டைக் காலணா' ஒன்றும் சேர்ந்தால் தொகுதிக்குத் தனி அழகு வந்துவிடும்.

சண்டையின்றிச் சேர்ப்பது எவ்வாறு?

பொதுச் சொத்து என்றாலே மனத்தாங்கல் வரும் என்பதை உலகம் அறியும். பாகப் பிரிவினையில் ஒரு செப்புக் குடத்திற்காகப் பேசாமல் போன அண்ணன் தம்பியரைப் பங்குக் குருவானவர் எவரும் கண்டிருப்பர். ஆகவே முதல் நாளிலேயே சில விதிகளை எழுதிக்கொள்வது நன்று.

ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு காசுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குக. தந்தவர் யார், எந்த ஊரில் எவ்வாறு கிடைத்தது, எடை என்ன, நன்கொடையா அல்லது இரவலா என்பவற்றைப் பதிந்து, தந்தவரும் பொறுப்பாளரும் ஒப்பமிடுக. இரவல் எனில் கேட்ட நாளில் திருப்பித் தருக. முகம் சுளிக்க வேண்டா. குழு கலையுமாயின் தொகுதி எந்தப் பள்ளிக்கு, எந்த அருங்காட்சியகத்திற்கு என்பதை முதற்பக்கத்திலேயே எழுதுக. விலையுயர்ந்த காசு தந்தவருக்கு முதல் மரியாதை, காலணா தந்தவருக்குக் கடைசி இடம் என்ற பேச்சே எழக்கூடாது. ஏழு காசுத் தொகுதியில் காலணா இல்லையேல் ரூபாய் இருந்தும் அது குறைத் தொகுதியே.

தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். பூசைப் பாத்திரத்தைப் போல் பழங்காசைப் புளியிட்டும் சாம்பலிட்டும் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டா. செம்பின்மேல் காலம் படியவைத்த பச்சையும் பழுப்பும் அதற்குக் கவசம். தேய்த்தால் எழுத்தும் போகும், மதிப்பும் போகும். காசை விளிம்பில் பிடியுங்கள். முகத்தில் விரல் படாது பாருங்கள். மலிவான பிளாஸ்டிக் உறைகளில் இடாமல், தடித்த காகித உறையில் தனித்தனியே வையுங்கள்.

எச்சரிக்கை தேவை

இந்த இன்பத்தின் நிழலிலேயே வஞ்சகமும் உலவுகிறது. பழங்காசு ஒன்றுக்குப் பல இலட்சம் தருவோம் என்று கைப்பேசியில் வரும் அறிவிப்புகளை நம்பி, முதலில் கட்டணம், பிறகு வரி, பிறகு தரகு என்று உள்ளதையும் இழந்தோர் உண்டு. ரிசர்வ் வங்கியின் பெயரையே இவ்வஞ்சகர் பயன்படுத்தியதால், பழைய நோட்டு, நாணய விற்பனைக்காகத் தான் எவரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று அவ்வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாக எச்சரித்தது. அரிசியை ஈர்க்கும் அதிசயச் செம்பு என்று 'ரைஸ் புல்லிங்' காட்டுவோரும், 1818 என்று ஆண்டு பொறித்து அனுமார் உருவம் தாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு என்று விற்போரும் அவ்வினத்தவரே. கம்பெனி அத்தகைய காசை வெளியிட்டதே இல்லை. மகளின் திருமணத்திற்கு வைத்த பணத்தை இவர்களிடம் கொடுத்துவிட்டுக் கண்ணீர் வடிப்பதில் பயன் என்ன? தனியே இருப்பவரைத்தான் வஞ்சகன் தேடுவான். நாலு பேர் கூடிக் காசைக் கையில் வாங்கிப் பார்த்து, எடை போட்டு, நூலோடு ஒப்பிடும் இடத்தில் அவன் நுழைய அஞ்சுவான். குழுவாகச் சேர்ப்பதில் இந்தப் பாதுகாப்பும் உண்டு.

சட்டத்தையும் அறிதல் வேண்டும். ஏர் உழும்போதோ, வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ பழங்காசுகள் கிடைத்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைப்பது தண்டனைக்குரியது. தெரிவித்தால் எல்லாம் பறிபோகும் என்று அஞ்ச வேண்டா. அரசு அப்புதையலை எடுத்துக்கொள்ளுமாயின், பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவேண்டும் என்று அச்சட்டமே கூறுகிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள் ஆகும். வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு நினைவுப் பொருளாக அதை அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

பத்துத் திராக்மாக்களில் ஒன்றைத் தொலைத்த பெண்ணின் உவமையை நீங்கள் அறிவீர்கள். கையில் ஒன்பது இருந்தும், அவள் விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தேடினாள். கண்டெடுத்ததும் அவள் செய்தது என்ன? பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. தோழியரையும் அண்டை வீட்டாரையும் அழைத்தாள். காணாமற்போன காசு கிடைத்த மகிழ்ச்சி, பிறரோடு பகிர்ந்தபோதே அவளுக்கு நிறைவாயிற்று.

இன்று மாலை உங்கள் வீட்டுப் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். அங்கே கிடக்கும் ஒற்றைக் காசு உங்களுக்குப் பயனற்றதாகத் தோன்றலாம். அடுத்த வீட்டார் தொகுதியில் காலியாக இருக்கும் ஓர் இடம் அதற்காகவே காத்திருக்கக்கூடும். அரை உருவம் உங்களிடம். மறு பாதி அவர்களிடம். இரண்டையும் ஒரு துணியின்மேல் வைத்துப் பாருங்கள். பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.